உமி கிழியாமல்

மிக்ஸியில் போட்டது தப்பாகிவிட்டது. மூடியைத் திறந்ததும் வெள்ளையாக ஒரு தூசி எழும்பி மூக்கில் ஏறியது. ஜாருக்குள் பார்லி இல்லை, பார்லி மாவு இருந்தது. பூங்கோதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிஸ்கட் பாக்கெட்டின் அடித்தூள் மாதிரி இனித்தது. இதைக் கொண்டுபோய் வெந்நீரில் போட்டால் களியாகிவிடும், வடிகட்டினால் ஒரு சொட்டு கீழே இறங்காது. பீர் காய்ச்சுவதற்கு முளைகட்டிக் காயவைத்த பார்லி உடையத்தான் வேண்டும், ஆனால் பொடியாகக் கூடாது. உள்ளே இருக்கிற பருப்பு மூன்றாக நாலாக உடைய வேண்டும், மேலே இருக்கிற உமி கிழியாமல் நிற்க வேண்டும், அந்த உமிதான் கடைசியில் வடிகட்டியாக நின்று சாற்றைத் தெளிய வைக்கும். இது அவளுக்குத் தெரியாததா என்ன. பெண்கள் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள், நொதித்தல் என்ற பாடத்தை வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிக் கை ஓய்ந்தவள். தெரிந்தும் மிக்ஸியை எடுத்ததற்குக் காரணம் சோம்பல்தான். இல்லை, சோம்பல் இல்லை, எதையாவது கர்ரென்று ஓடவிட்டு அந்தச் சத்தத்துக்குள் கொஞ்ச நேரம் தலையை வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதே துறையில் கூட வேலை பார்க்கிற வசுமதி பக்கத்தில் இருந்திருந்தால் ஜாரைப் பிடுங்கியிருப்பாள். பீர் காய்ச்சப் போறியா, போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சப் போறியா என்று கேட்டிருப்பாள். அந்தக் குரல், கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும் அந்தக் குரல், சமையலறையில் வந்து நின்றது. பூங்கோதை மாவைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டாள். அது போகவில்லை. கூழாகத் திரண்டு ஓட்டையை அடைத்துக்கொண்டு அங்கேயே தேங்கி நின்றது.

சரி, கை இருக்கிறது. பழைய தலையணை உறை ஒன்றை எடுத்து உதறி, அதில் இரண்டு கைப்பிடி பார்லியைப் போட்டுப் பரப்பி, வாயை மடித்து, தரையில் உட்கார்ந்துகொண்டு சப்பாத்திக் கட்டையால் உருட்டினாள். கிரானைட் தரையில் நறநறவென்று சத்தம் வந்தது. ஃபேனை நிறுத்தியிருந்தாள், ஓடினால் உமி பறக்கும். தில்லை நகரில் மூன்றாவது மாடி, மேலே மொட்டை மாடி, சித்திரை வெயில் அதில் விழுந்து கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தாள். பாதி உடைந்திருந்தது, பாதி அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. உமி சில இடங்களில் நார் நாராகக் கிழிந்திருந்தது. கையை நனைத்து உதறி, பார்லியின் மேல் ஈரம் பட்டதும் படாததுமாகப் புரட்டி, கொஞ்சம் ஊறவிட்டாள். ஈரம் பட்டால் உமி இளகிக்கொடுக்கும், கிழியாது. இப்போது உருட்டினாள், அழுத்தம் கட்டையின் நடுவில் இல்லாமல் இரண்டு ஓரத்திலும் சமமாக விழும்படி. சத்தம் மாறியது. நறநற போய் முறுக்கைத் துணிக்குள் வைத்து நசுக்குகிற மாதிரி மெத்தென்ற ஒரு சத்தம். இப்படித்தான் இருக்க வேண்டும். இதற்கு ஒரு மெஷின் இருந்தது. இரண்டு இரும்பு உருளைகளும் ஒரு கைப்பிடியும் மேலே ஒரு தகரக் கூம்பும். சுற்றினால் நாலு கிலோவும் ஒரு பாட்டு முடிவதற்குள் உடைந்து விழும். பெங்களூருக்கு இரண்டு பேரும் கருத்தரங்கு ஒன்றுக்குப் போனபோது, மதியத்துக்கு மேல் உட்காராமல் வெளியே வந்து வாங்கியது. அங்கே பீர் ஆலை ஒன்றில் வேலை பார்க்கிற பழைய மாணவி ஒருத்திதான் கடையைக் காட்டினாள், பார்லி மூட்டையும் அவள் அனுப்பியதுதான். திரும்பி வரும்போது ரயிலில் வசுமதி மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர் சீட்டு அம்மாள் அது என்ன என்று கேட்டதற்கு, கண்ணைக் கூடச் சிமிட்டாமல், சத்துமாவு மெஷின், பையன் ஒல்லியா இருக்கான்ல, அதான் என்றாள். பூங்கோதை சிரிப்பை அடக்கமாட்டாமல் எழுந்து கதவருகே போய் நின்றாள். காற்று முகத்தில் அடிக்க, தனியாக நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அன்றைக்கு அந்தப் பொய் இரண்டு பேருடையதாக இருந்தது.

அன்றைக்கே அவள் எவ்வளவு லேசாகப் பொய் சொன்னாள் என்பதைக் கவனித்திருக்க வேண்டுமோ. கட்டை உருண்டு தரையில் இறங்கியது, முட்டியில் பட்டது. இல்லை, அப்படிப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். மூட்டை பூங்கோதை வீட்டுப் பரணில், மெஷினும் பாட்டில்களும் வசுமதி வீட்டுப் பின்னறையில். அது தரை வீடு, வேப்ப மர நிழல், குளிர்ச்சியாக இருக்கும். வசுமதியின் கணவர் ஞானசேகரனுக்கு ஊர் ஊராகப் போகிற வேலை. அவர் வெளியூரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில், பையன் டியூஷனுக்குப் போனபிறகு, பின்னறை அடுப்பில் காய்ச்சுவார்கள். போன பங்குனியில் ஒரு பாட்டில் வெடித்தது. வெயில்தான். வெயில் மட்டும் இல்லை, மூடுவதற்கு முன் போடுகிற சர்க்கரை கூடிப்போயிருந்தது. இவள் போதும் என்று சொல்லச் சொல்ல, இன்னும் கொஞ்சம் நுரை வரட்டும்டி என்று அள்ளிப் போட்டவள் வசுமதி. ஞானசேகரன் அன்றைக்கு வீட்டில் இருந்தார். சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்திருக்கிறார், சுவரெல்லாம் நுரை, அறை முழுக்க வாடை. அன்று மாலையே இரண்டு பேரும் வந்தார்கள். அழைப்பு மணி அடித்ததும் பூங்கோதை சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தாள். அவர் கையில் ஒரு சாக்குப் பை, மீதிப் பாட்டில்கள். பின்னால் வசுமதி, செருப்பு அடுக்கும் பலகையைப் பார்த்துக்கொண்டு. அவர் கத்தவில்லை. உட்காரச் சொன்னதற்கு உட்கார்ந்தார், தண்ணீர் கொடுத்ததற்கு வாங்கிக் குடித்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தனியா இருக்கறவங்க, உங்களுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும். அதை நான் குத்தம் சொல்லல. ஆனா எங்க வீடு பையன் படிக்கிற வீடு. உங்க பொருளை அங்க கொண்டுவந்து வெக்கலாமா?"

பூங்கோதை வசுமதியைப் பார்த்தாள். வசுமதி கணவரைப் பார்த்துச் சொன்னாள், பூங்கோதை அந்த அறையிலேயே இல்லாத மாதிரி. "பாட்டில் கோதை குடுத்ததுங்க. வெச்சிருடின்னா, வெச்சேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

உள்ளே என்ன இருக்கு என்று எனக்குத் தெரியாது. இந்த வாக்கியம்தான். ஒரு மாதமாக இதுதான், பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி. பாடம் நடத்தும்போது, பேருந்தில் நிற்கும்போது, இப்போது இந்தக் கட்டை முன்னால் போய்ப் பின்னால் வரும்போது. உள்ளே என்ன, முன்னால். எனக்குத் தெரியாது, பின்னால். முனைவர் பட்டம் வாங்கினவள் அவள், ஈஸ்ட் பற்றித்தான் வாங்கினாள், ஒரே ஆய்வகம், ஒரே நுண்ணோக்கிக்கு இரண்டு பேரும் முறை வைத்துக் குனிந்தவர்கள். அவளுக்குத் தெரியாதாம். வாக்கியத்தைவிட அதற்குப் பிறகு தான் சொன்னதுதான் மோசம். ஆமா சார், என்னோடதுதான், மன்னிச்சுக்கங்க என்று சொன்னாள். யோசிக்கவில்லை, கீழே விழுகிற டம்ளரைக் கை தானாகப் போய்ப் பிடிக்கிற மாதிரி சொல்லிவிட்டாள். சொல்லும்போது ஒரு பெருமைகூட இருந்தது, இவளைக் காப்பாற்றிவிட்டோம் என்று. ராத்திரிக்குள் அவள் போன் செய்வாள், அழுவாள், சரி விடுடி என்று சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தாள். போகும்போது ஞானசேகரன் சொன்னார், அந்தச் சத்துமாவு மெஷினுக்குப் பின்னாடியே பாட்டிலை எல்லாம் அடுக்கி வெச்சிருக்கா பாருங்க, நல்லவேளை மெஷினுக்கு ஒண்ணும் ஆகலை என்று. பாட்டிலெல்லாம் கோதையினுடையது, மெஷின் மட்டும் அந்த வீட்டுப் பொருள். ரயிலில் சொன்ன வேடிக்கையை எடுத்துத் துடைத்து அவரிடம் கொடுத்திருக்கிறாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த சிரிப்பு, அதையும் எடுத்துக்கொண்டாள். வசுமதி நிமிரவில்லை, செருப்பை மாட்டினாள். போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கல்லூரியில் அவள் சாப்பாட்டுப் பையை வேறு மேஜைக்கு மாற்றியிருந்தாள்.

உறையைத் திறந்து தட்டில் கொட்டினாள், அடுத்த இரண்டு கைப்பிடி. உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே தோல் சிவந்து எரிந்தது. நெற்றி வேர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணில் இறங்கிக் கரித்தது, துடைக்கக் கை சும்மா இல்லை. எதற்கு இதைச் செய்துகொண்டிருக்கிறேன். மூட்டையில் கடைசி நாலு கிலோ, வைத்தால் வண்டு வைத்துவிடும், வீணாகப் போகும், அதனால். அதனால் இல்லை. நிறுத்திவிட்டால் அந்த மனிதர் சொன்னது உண்மையாகிவிடும், திருந்திவிட்டாள் என்று ஆகிவிடும். திருந்துவதற்கு என்ன இருந்தது. அவர் கொண்டுவந்து வைத்த பாட்டில்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன, ஒன்றைக்கூட அவள் திறக்கவில்லை. திறந்து ஒரு வாய் குடித்தால்கூட அந்தத் தனியா இருக்கறவங்க என்ற சொல்லுக்குள் போய் உட்கார்ந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. போன வாரம் பொருளாதாரத் துறை மீனலோசனி ஆசிரியர் அறையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நல்லவள், யாரையும் புறம் பேசாதவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எங்க அண்ணனுக்கும் இந்தப் பழக்கம் இருந்தது, கன்டோன்மென்ட்ல ஒரு டாக்டர் இருக்கார், ரொம்பத் தன்மையானவர், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாள். பூங்கோதைக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது வசுமதி தூரத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருப்பது தெரிந்தது, பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்ன பொய்யை ஒரு மாதிரி மன்னித்துவிடலாம். பயத்தில் சொன்னது, நெருப்பு சுட்டதும் உதறுகிற மாதிரி. ஆனால் கல்லூரியில் யாரும் அவளைக் கேட்கவில்லையே. யாரும் கேட்காமல், நிதானமாக உட்கார்ந்து, பாவம், தனியா இருக்கா, யாருமில்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பாவத்தைத்தான் தாங்க முடியவில்லை.

எப்போதிலிருந்து அவள் மனசில் அது இருந்தது. அப்பா அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வசுமதி வார்டுத் தரையில் புடவையை விரித்துப் படுத்தாளே, அப்போதா. அப்பாவின் மூத்திரப் பையை முகம் சுளிக்காமல் மாற்றினாளே. தனியா இருக்காளே என்றுதான் வந்தாளா, கோதை என்று வந்தாளா. தீபாவளிக்கு அதிரசம் கொடுத்தனுப்புவாள், டப்பாவைத் திருப்பிக் கேட்க மாட்டாள். அந்த டப்பாக்கள் அலமாரியில் இருக்கின்றன, ஒன்றுக்குள் ஒன்றாக. பொங்கலுக்குப் புடவை எடுக்கும்போது உனக்கென்னடி, கேக்க ஆளா இருக்கு, இஷ்டத்துக்கு எடு என்பாள். அதை அப்போது பொறாமை என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவள்தான் இவள். கேட்க ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாதவள் மேல் எதை வைத்தாலும் நிற்கும், யாரும் வந்து ஏன் வைத்தாய் என்று கேட்க மாட்டார்கள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரியாது தெரியாது என்றாளே, இது தெரிந்திருந்தது. கட்டையை அழுத்தினாள். ரொம்ப அழுத்திவிட்டாள் போலிருக்கிறது, திறந்து பார்த்தபோது உமியும் பருப்பும் ஒன்றாக நசுங்கித் துணியில் அப்பியிருந்தது. இந்தக் கைப்பிடி கெட்டது. பரவாயில்லை, மற்றதோடு கலந்தால் தெரியாது. இல்லை, தெரியும். அதைத் தனியாக எடுத்து வைத்தாள்.

போன் அலமாரி மேல் அதிர்ந்தது. வசு என்று வந்தது. ஒரு மாதம் கழித்து. மாவுக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தபோது கால் மரத்திருந்தது, ஒரு கை சுவரில், ஒரு கையில் போன். இதயம் அடித்துக்கொண்டது, அப்படி அடித்துக்கொள்வது அவமானமாக இருந்தது. அழுதால் என்ன சொல்வது. சரி விடுடி என்று சொல்லக்கூடாது. சொல்லிவிடுவோம் என்று தெரிந்தது. காதில் வைத்ததும் முதலில் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது, வாளியில் குழாய் விழுகிற சத்தம். குளியலறைக்குள் இருந்து பேசுகிறாள்.

"கோதை, கேக்குதா? என்னால சத்தமாப் பேச முடியாது. எங்க மாமியார் வந்திருக்காங்க. அந்த மெஷின்ல கேழ்வரகு போட்டு அரைக்கறாங்க, எல்லாம் முழுசு முழுசா கீழ விழுது. கோதுமையப் போட்டா ரெண்டா ஒடையுது. இது என்ன மெஷினு, மாவே ஆவலன்னு திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. இவர் வேற வாங்கின கடை எது, போன் பண்றேங்கறார். அந்த ரெண்டு ரோலரையும் இன்னும் கிட்டக் கொண்டுவர முடியுமா?"

பூங்கோதை சுவரில் சாய்ந்தாள். எப்படி இருக்கே என்று வசுமதி கேட்கவில்லை. வேறு ஏதாவது பின்னால் வரும் என்று காத்திருந்தாள், குழாய் கொட்டிக்கொண்டிருந்தது.

"முடியாது. அது ஒடைக்கும். அரைக்காது" என்றாள். தன் குரல் வகுப்பில் பேசுகிற குரலாக இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பக்கம் வசுமதி குழாயை இன்னும் திறந்துவிட்டது கேட்டது. பிறகு சொன்னாள். "அப்ப ஒண்ணு பண்ணேன். இவருக்கு போன் பண்ணி, அந்த மெஷினும் என்னோடதுதான், வசுகிட்ட சத்துமாவு மெஷின்னு நான்தான் சொல்லி வெச்சேன்னு சொல்லிடு. சாயங்காலமே கொண்டுவந்து குடுத்துடுவார். உனக்கும் மெஷின் வந்த மாதிரி ஆச்சு. நீதான் ஏற்கெனவே ஒத்துக்கிட்டியே, கோதை. அதோட இது ஒண்ணு. உனக்கு என்ன ஆயிடப் போவுது?"

தட்டில் உடைத்த பார்லி ஒரு குவியல். மூட்டையில் உடைக்காதது அதைவிடப் பெரிய குவியல். மெஷின் வந்துவிடும். சாயங்காலமே. ஒரு வாக்கியம், அதுவும் ஏற்கெனவே சொல்லிப் பழகின வாக்கியம். உள்ளங்கை விண்விண் என்று தெறித்தது. மெஷின் வந்தால் வசுமதியும் ஒருநாள் பின்னாலேயே வருவாள், எல்லாம் ஆறின பிறகு, வருவாள், வந்து நிற்பாள், ஜாரைப் பிடுங்குவாள். அது வேண்டும் என்றிருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றிருந்தது. உனக்கு என்ன ஆயிடப் போவுது. அவள் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, கணக்கு மாதிரிச் சொன்னாள், உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறாள். நுண்ணோக்கி மேல் மாறி மாறிக் குனிந்த நாளிலிருந்தே, தன்னிடம் இழப்பதற்கு இருக்கிறது, கோதையிடம் இல்லை என்று.

"அது உன்னோடது, வசு" என்றாள். "நாம ரெண்டு பேரும் வாங்கினது. அதுல நீயும் சுத்தினே. அந்த பாட்டில்ல சக்கரை போட்டது நீ. உள்ள என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். நான் இனிமே எதையும் என்னோடதுன்னு சொல்ல மாட்டேன். உன்னைப் பத்தி அவர்கிட்ட நானாப் போயும் சொல்ல மாட்டேன். அவர் கேட்டா இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

குழாய் நின்றது. அந்தப் பக்கம் ஈரச் சுவரில் மோதி வருகிற மூச்சு கேட்டது, ஒன்று, இன்னொன்று. வசு என்று கூப்பிடலாமா என்று இவள் நினைப்பதற்குள் வசுமதியின் குரல் வந்தது, வேறு குரல், தெளிவாக, சத்தமாக, கதவுக்கு வெளியே நிற்கிற யாருக்கோ கேட்கும்படி. "சரிங்க மேடம். வேல்யுவேஷன் விஷயமா நாளைக்குக் காலேஜ்ல பேசிக்கலாம் மேடம். வெக்கறேன்."

போன் அணைந்தது. பூங்கோதை அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. தொண்டையில் மாவு வாடைதான் இருந்தது. மறுபடி தரையில் உட்கார்ந்தாள், கையை நனைத்து உதறினாள், உறையை நிரப்பினாள், உருட்டினாள். சொன்னது சரிதானா, இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொல்லியிருக்கலாமா, கல்லூரியில் பரப்பினதைக் கேட்டிருக்க வேண்டாமா, அவளை அந்தக் குளியலறைக்குள் அப்படி விட்டிருக்கக் கூடாதோ, கதவுக்கு வெளியே நின்றது மாமியாரா அவரா, நாளைக்கு அந்த ஜன்னலோர மேஜைப் பக்கம் எப்படி நடந்து போவது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்தது, கட்டை பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் நகர்ந்து மூட்டையைத் தொட்டு அதைத் தாண்டிப் போயிற்று. ஒரு கட்டத்தில் உறையில் போடுவதற்குக் கை உள்ளே போனபோது மூட்டையின் அடி தட்டுப்பட்டது. தட்டில் இருந்ததை இரண்டு கையாலும் அள்ளிப் பார்த்தாள். உமி முழுசாக, உள்ளே வெள்ளையாக உடைந்து, விரலிடுக்கில் சலசலவென்று இறங்கியது. மெஷினில்கூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. இதைக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள், நினைத்துவிட்டு அள்ளினதைத் திரும்பத் தட்டில் விட்டாள்.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தாள், கை வைக்க முடியாத சூடு, ஆனால் கொதிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உடைத்த பார்லியைக் கொட்டிக் கரண்டியால் மெதுவாகக் கிளறினாள். வாடை எழும்பியது, மழை நாளில் வைக்கோல் கொதிக்கிற மாதிரியும் ஹார்லிக்ஸ் மாதிரியும். களியாகவில்லை. உமியெல்லாம் மேலே மிதந்து, பிறகு மெல்லத் தாழ்ந்தது. மூடி, மேலே பழைய கம்பளியைச் சுற்றினாள். இனி ஒரு மணி நேரம் தொடக்கூடாது, உள்ளே இருக்கிற மாவெல்லாம் சர்க்கரையாக மாற வேண்டும், செய்வதற்கு ஒன்றுமில்லை. வசுமதி வீட்டுப் பின்னறையில் இந்த ஒரு மணி நேரம்தான் இரண்டு பேரும் பேசுவார்கள். பாத்திரத்துக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனதை அவள் சொன்னது அப்படி ஒரு நேரத்தில்தான். இவர் அடிக்க மாட்டார் கோதை, கத்தவும் மாட்டார், தப்புன்னு பட்டா மாசக்கணக்குல பேசாம இருப்பார், சோத்தைப் போட்டா சாப்பிடுவார், பேச மாட்டார் என்று ஒருமுறை சொன்னாள், சொல்லிவிட்டு மூடியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். கல்யாணம் வேண்டாம் என்று தான் சொன்னதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் வேண்டாம் என்று சொன்னது பேசி வைத்திருந்த மாப்பிள்ளைதான் என்று பூங்கோதை உலகத்தில் ஒரே ஒருத்தியிடம் சொன்னதும் அப்படித்தான். பீர் ஒன்றும் அவ்வளவு பிரமாதமாக வந்ததில்லை. சில தடவை புளித்தது. பாதிப் பாட்டிலைக் கீழே ஊற்றியிருக்கிறார்கள். பூங்கோதைக்கு அந்தக் கசப்பு எப்போதுமே அவ்வளவாகப் பிடித்ததில்லை, இதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஃபேனைப் போட்டாள். தரையில் கிடந்த உமி எழுந்து சுழன்று மூலையில் போய் ஒதுங்கியது. ஒரு முக்காலியை இழுத்து, பாத்திரத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போதுதான் மூடியிருந்தாள், முழுசாக ஒரு மணி நேரமும் இருந்தது.